கயிறு பிடிக்க ஒரு மச்சான்

கடலுக்கடியில் வேலை பார்த்துச் சம்பாதித்தவன் என்று என்னை யாராவது அறிமுகப்படுத்தினால், கேட்பவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு தொப்பையைப் பார்ப்பார்கள். தொப்பை பிற்காலத்தில் வந்தது. அதைவிடப் பெரிய சந்தேகம் ஊரைச் சொன்னதும் வரும். காரைக்குடிப் பக்கம் என்பேன். அங்கே ஏது கடல் என்பார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் பக்கம் தண்ணீர் என்பது குடிப்பதற்கு. ஊருணியில் குடத்தை முக்கலாம், காலை வைத்தால் ஊரே சண்டைக்கு வந்துவிடும். ஒருவனுக்கு நீச்சல் தெரியும் என்றால், எவருடைய தோட்டத்துக் கிணற்றிலோ கேட்காமல் குதித்தவன் என்று பொருள். நான் அப்படிக் குதித்தவன்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, தட்டச்சில் லோயர் பாஸ் பண்ணி, தெரிந்தவர் ஒருவர் சொல்லி, தூத்துக்குடியில் துறைமுக வேலை எடுத்திருந்த ஒரு கம்பெனியில் ஸ்டோர் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அறுபதுகளின் கடைசி அது. ஒரு நாள் மேஸ்திரியின் கையிலிருந்து பெரிய ஸ்பேனர் ஒன்று நழுவிக் கடலில் விழுந்தது. அது என் பொறுப்பில் இருந்த ஸ்பேனர். வேலை போய்விடுமே என்ற பதற்றத்தில் சட்டையைக் கழற்றி வீசிவிட்டுக் குதித்தேன், எடுத்துக்கொண்டும் வந்தேன். அதில் வீரம் துளியும் இல்லை. ஆனால் படகில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். கைதட்டல் என் உடம்புக்கு எப்போதுமே ஒத்துக்கொள்வதில்லை, நேராகத் தலைக்கு ஏறிவிடும். முக்குளிக்க ஆள் தேவைப்படுகிறது, வருகிறாயா என்று கேட்டபோது யோசிக்காமல் சரி என்றேன். முகமூடி, துடுப்புக் காலணி, முதுகில் காற்று சிலிண்டர் எல்லாம் மாட்டிப் பழக்கினார்கள். கடைசியில் ஆரம்பச் சான்றிதழ் என்று ஒரு தாளையும் கொடுத்தார்கள். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, ஊரில் சாமிப் படங்களின் வரிசையில் மாட்டினேன். கொஞ்ச நாள் அதற்கும் சேர்த்து அம்மா சூடம் காட்டிக்கொண்டிருந்தாள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்படிப்பட்ட பெருமைக்காரனுக்கு எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணம் ஆனது. பெண் நாட்டரசன்கோட்டை. கல்யாணமான அடுத்த வருஷம், நான் லீவில் ஊருக்குப் புறப்படும்போது மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். கம்பெனி செலவில் உனக்கு இன்னொரு சான்றிதழ் வாங்கித் தரப் போகிறோம், ஆனால் ஒன்றுதான், லீவு முடிந்து வரும்போது எது என்று முடிவு பண்ணி வா என்றார்.

ஒன்று அட்வான்ஸ்டு. பம்பாய்க்குப் போக வேண்டும். இன்னும் ஆழத்தில் இறங்குவது, இருட்டில் இறங்குவது, திசைகாட்டியை வைத்துத் தண்ணீருக்கடியில் வழி கண்டுபிடிப்பது என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கற்றுக்கொடுப்பார்கள். முதுகில் சிலிண்டரோடு மீன் மாதிரித் திரியலாம். இன்னொன்று ஸ்பெஷல். தண்ணீருக்கடியில் இரும்பை வெட்டுவது, ஒட்டுவது என்ற ஒரே வேலை. கொச்சியிலிருந்து ஒரு வாத்தியார் வந்து தூத்துக்குடியிலேயே சொல்லிக்கொடுப்பார். இதற்குச் சிலிண்டர் கிடையாது. தலையில் ஒரு செப்புக் கூடு, காற்று மேலேயிருந்து ரப்பர் குழாயில் வரும், இடுப்பில் ஒரு கயிறு. அந்தக் கயிற்றின் மறுமுனையை ஒரு ஆள் வேலை முடியும்வரை மேலே நின்று பிடித்துக்கொண்டே இருப்பான். ஒரே இடத்தில் நின்று, கலங்கல் தண்ணீரில், ஒரு சாண் தூரத்தில் பொறி பறப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எது நல்லது என்று நான் கேட்காத ஆள் இல்லை. உண்மையில் யாருடைய கருத்தும் எனக்குத் தேவைப்படவில்லை. இப்படி ஒரு தேர்வு எனக்கு இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். டீக்கடைக்காரர் அட்வான்ஸ்டு என்றார், பம்பாய் பார்க்கலாமே என்பது அவர் காரணம். அப்பா ஸ்பெஷல் என்றார். நாலு வேலை அரைகுறையாகத் தெரிந்தவனைவிட ஒரு வேலை உருப்படியாகத் தெரிந்தவனைத்தான் தேடி வந்து கூப்பிடுவார்கள் என்றார். வெல்டிங் கற்றவன் நாளைக்குக் கம்பெனியை இழுத்து மூடினாலும் பிழைத்துக்கொள்வான் என்று எனக்கும் தெரிந்துதான் இருந்தது. மனசு ஸ்பெஷல் பக்கமே சாய்ந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் மதியம் சோறு போட்டுக்கொண்டே என் மனைவி கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம்.

"அந்தப் பம்பாய்ப் படிப்புல கயிறு உண்டா?"

கயிறு கிடையாது, ஜோடி ஜோடியாக இறங்குவார்கள், ஒருவருக்கு ஒருவர் துணை என்றேன்.

"சோடி ஆளு உங்களுக்கு என்ன முறை வேணும்?"

முறையா? ஒரு முறையும் கிடையாது, எந்த ஊர்க்காரனோ என்றேன். அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. மற்றதில் கயிறு உண்டா என்று கேட்டாள். உண்டு, ஒரு ஆள் பிடித்துக்கொண்டே நிற்பான் என்றதும் முகம் தெளிந்தது.

"அப்ப அதுக்கே போங்க. கயித்த எங்க அண்ணன் பிடிக்கட்டும்."

எனக்குப் புரையேறிவிட்டது. அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் கிணற்றில் தூர் வார ஆள் இறங்கினால், அவன் இடுப்புக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். கூடப்பிறந்த அண்ணன் தம்பியிடம் கொடுப்பதில்லை, அவர்களுக்குச் சொத்தில் பங்கு உண்டு. மச்சானுக்கு அப்படியில்லை. கயிறு நழுவினால் தாலி இறங்குவது தன் தங்கை கழுத்திலிருந்து. அதனால் அவன் கை நழுவாது. இதையெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, கிணற்றடியில் மச்சான் எங்கே என்று மட்டும் கேட்பார்கள். கிணற்றுக்கு ஒரு நியாயம், கடலுக்கு ஒரு நியாயமா என்பது அவள் கேள்வி. அண்ணன் பிடித்தால் ஸ்பெஷலுக்குப் போங்கள். இல்லையென்றால் இரண்டுமே வேண்டாம், பழையபடி ஸ்டோரில் உட்கார்ந்து ஸ்பேனர் எண்ணுங்கள். பிள்ளை பிறக்கும்போது தகப்பன் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றினாள்.

சிக்கல் கடலில் இல்லை. அவள் அண்ணனோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

அதற்குக் காரணம் தலைத்தீபாவளி. மனைவி ஒரு வாரம் முன்னதாகவே பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். நான் தீபாவளிக்கு முதல் நாள் தூத்துக்குடியிலிருந்து பஸ் பிடித்துச் சிவகங்கையில் வந்து இறங்கினேன். புது மாப்பிள்ளை, பட்டுக்கரை வேட்டி, கையில் தோல்பெட்டி. நாட்டரசன்கோட்டைக்கு அழைத்துப்போக வாடகைக் கார் வந்து நிற்கும் என்று நினைத்தேன். மச்சான் சைக்கிளில் வந்தான். சிவகங்கையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவன் அவன். தீபாவளி நேரம், ஒரு காரும் கிடைக்கவில்லை மாப்ள, கோவிச்சுக்கிடாதீக என்றான். கடையிலேயே நல்ல சைக்கிளாகத்தான் எடுத்து வந்திருந்தான், கேரியரில் துண்டை மடித்து மெத்தை மாதிரி வைத்திருந்தான். நான் ஏறி உட்கார்ந்தேன். மடியில் தோல்பெட்டி, அதன் மேல் பட்டாசுப் பொட்டலம். வழியெல்லாம் தெரிந்தவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மணியடித்து, தங்கச்சி மாப்பிள்ளை என்று மகிழ்ச்சியோடு அறிமுகம் செய்துகொண்டே போனான். நான் அத்தனை பேருக்கும் கேரியரிலிருந்து கும்பிடு போட்டேன். போய் இறங்கும்போது பட்டுக்கரையில் ஒரு முழத்துக்குச் செயின் மசி.

கடலுக்கடியில் போய் வருகிறவனை சைக்கிள் கேரியரிலா ஏற்றுவது? மறுநாள் பலகாரம் அத்தனையும் சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு, இனி இந்த வீட்டு வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சாப்பிடுவதற்கு முன்பே சொல்லியிருந்தால் இன்னும் கம்பீரமாக இருந்திருக்கும். அத்தையின் பணியாரம் அப்படி. எங்கள் சாதிசனத்தில் மாப்பிள்ளை முறுக்கு என்பது அம்மை மாதிரி, எல்லோருக்கும் ஒருமுறை வரும், சில நாளில் இறங்கிவிடும். எனக்கு இறங்கவில்லை. யாராவது வந்து கெஞ்சுவார்கள் என்று காத்திருந்தேன். நான் ஊருக்கு வந்திருந்த சமயம் மச்சான் இரண்டு தரம் வந்தான், இரண்டு தரமும் நான் கொல்லைப்புறமாகப் போய்விட்டேன். மூன்றாம் தரம் அவன் வரவில்லை என்பதில் எனக்கு மகா கோபம்.

ஆகவே இப்படி முடிவு செய்தேன். ஸ்பெஷல் என்றால் கயிறு, கயிறு என்றால் மச்சான். அட்வான்ஸ்டில் கயிறே இல்லை. பம்பாய்தான் சரி. ஒரு மனிதன் தன் தொழிலில் எந்தப் பக்கம் போவது என்பதை இந்த லட்சணத்தில் தீர்மானித்தான் என்று வெளியே சொல்ல முடியுமா? அதனால் டீக்கடையில் பரந்த அனுபவம், விசாலமான அறிவு என்றெல்லாம் பேசிக்கொண்டு திரிந்தேன். மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் பரந்த அனுபவம் தொண்டையில் நின்றுவிடும்.

லீவு முடியப் போகும் சமயத்தில் நாட்டரசன்கோட்டையிலிருந்து ஆள் வந்தது. மாமனார் தோட்டத்துக் கிணற்றில் பம்புசெட்டின் புட்வால்வு, அதாவது தண்ணீரை உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் இரும்பு மூடி, கழன்று உள்ளே விழுந்துவிட்டது. அது இல்லாமல் மோட்டார் தண்ணீர் எடுக்காது. கடலைக்கொடி காய்கிறது. வழக்கமாக இறங்குகிறவர்கள் ஏதோ கோயில் கொடைக்கு வெளியூர் போய்விட்டார்கள். மாப்பிள்ளையை வரச் சொல்லிக் கேட்க மாமனாருக்குத் தயக்கம், அத்தைதான் சொல்லி அனுப்பியிருந்தாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் யோசித்தேன். வாசற்படியைத்தானே மிதிக்கமாட்டேன் என்றேன், தோட்டத்தைச் சொல்லவில்லையே. இந்தச் சட்ட நுணுக்கத்தை எண்ணி நானே என்னை மெச்சிக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கம்பெனி முகமூடியை மறக்காமல் எடுத்துக்கொண்டேன்.

கிணற்றடியில் மாமனார், அத்தை, அக்கம்பக்கத்துப் பெண்கள், தோட்டத்து ஆட்கள் என்று ஒரு கூட்டமே நின்றது. எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. வேட்டியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, கம்பெனி கொடுத்த நாடா வைத்த டிராயரோடு நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். பெண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். முகமூடியை மாட்டியதும் மறுபடி இந்தப் பக்கம் பார்த்தார்கள்.

அப்போதுதான் கயிற்றோடு மச்சான் வந்தான். கடையைப் பூட்டிவிட்டுச் சிவகங்கையிலிருந்து மிதித்து வந்திருக்கிறான், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்க்காமல் கயிற்றை உதறி, முறுக்கு எடுத்து, ஒவ்வொரு முழமாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வானத்தைப் பார்த்து, இதெல்லாம் ஒரு ஆழமா, கயிறெல்லாம் எதற்கு என்றேன். கடலில் எத்தனை ஆழம் போயிருக்கிறேன் என்று தொடங்கும்போதே என் மனைவி குறுக்கே வந்து நின்றாள். அத்தனை பேர் முன்னிலையில், சத்தம் போடாமல் சொன்னாள்.

"எங்க அண்ணன் கயித்தப் பிடிச்சா எறங்குங்க. இல்லாட்டி வேட்டியக் கட்டுங்க, ஊருக்குப் போவோம். கடலை காஞ்சா காயட்டும்."

வேட்டியைக் கட்டுவதா? இந்தக் கூட்டத்தை விட்டுவிட்டா? சரி, உனக்காக என்று முனகினேன். ஆனால் முறுக்கு முறுக்குத்தான். மச்சான் என் இடுப்பில் முடிச்சுப் போடும்போது, இறுக்கமா இருக்கான்னு கேளு என்று அவன் தங்கையிடம் சொன்னான். கொஞ்சம் தளர்த்தச் சொல்லு என்று நானும் அவளிடம் சொன்னேன். மூன்று பேரும் ஒரு முழ இடைவெளியில் நின்றுகொண்டிருந்தோம். ஒருதரம் இழுத்தால் கயிறு விட வேண்டும், இரண்டு தரம் இழுத்தால் தூக்க வேண்டும் என்பதையும் இப்படித்தான் பேசி முடித்தோம். நடுவில் நின்றவளுக்கு மூச்சு வாங்கியது.

புட்வால்வில் கட்டி மேலே இழுக்க, மறுமுனையைக் கிணற்றடியில் கட்டிய இன்னொரு சிறு கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். மேலே இரண்டு ஆள் ஆழம்வரை தண்ணீர் தெளிவு. அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. கடலில் முகமூடி போட்டால் ஏதாவது தெரியும், இங்கே கண்ணை மூடிக்கொண்டாலும் அதே காட்சிதான். ஒரு தரம் போய் வெறுங்கையோடு வந்தேன். இரண்டாம் தரமும் அப்படியே. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அவமானத்தில், மூன்றாம் தரம் போதுமான மூச்சு எடுக்காமலே இறங்கிவிட்டேன். சகதியில் கையை விட்டுத் துழாவியபோது இரும்பு தட்டுப்பட்டது. சிறு கயிற்றை அதில் கட்டியும் விட்டேன். திரும்பி மேலே உதைத்தால், உடம்பு நகரவில்லை.

டிராயரின் நாடா புட்வால்வின் போல்ட்டில் மாட்டியிருந்தது. இழுத்தேன், முடிச்சு இறுகியது. இரும்பும் சகதியில் ஆழப் பதிந்திருந்தது. கையில் கத்தி இல்லை. சாதாரண மனிதன் உடனே கயிற்றை இரண்டு தரம் இழுத்திருப்பான். நான் யோசித்தேன். இழுத்தால் அவனிடம் உதவி கேட்டதாக ஆகுமே என்று நினைத்தேன். கிணற்றின் அடியில், மூச்சு முட்ட, நெஞ்சு அடைக்க, ஒரு மனிதன் நினைக்கிற நினைப்பு இது. முதலில் அவன் பேசட்டும் என்றுகூடத் தோன்றியது. அப்புறம் காதுக்குள் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. வயிற்றில் பிள்ளையோடு மேலே நிற்கிறவள் ஞாபகம் வந்தது. பயந்துபோனேன். அப்படியொரு பயத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் பட்டதில்லை. இரண்டு தரம் இல்லை, கணக்கில்லாமல் இழுத்தேன்.

கயிறு உடனே விறைத்தது. நான் இழுப்பதற்காகவே விரலில் சுற்றிக்கொண்டு காத்திருந்த மாதிரி ஒரு இழுப்பு. எங்கோ ஏதோ கிழிந்தது. சரசரவென்று மேலே வந்தேன். வெளிச்சம் வந்தது, கழுத்து வெளியே வந்தது, வாயைப் பிளந்து காற்றைக் குடித்தேன். அந்த நிமிஷம் கயிறு நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். மச்சான் குனிந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இழுக்கவில்லை. கழுத்தளவுத் தண்ணீரில் என்னைத் தொங்கவிட்டு வேடிக்கை பார்க்கிறான், தீபாவளிக் கணக்கைத் தீர்க்கிறான் என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் இடுப்புக்குக் கீழே வழக்கத்தைவிட அதிகமாகக் குளிர்வதை உணர்ந்தேன்.

டிராயர் கிணற்றின் அடியில் புட்வால்வோடு தங்கிவிட்டது.

மச்சான் திரும்பி, பதறி நின்றவர்களிடம் மாப்பிள்ளை நல்லா இருக்காக என்றான். கயிறு பிரிகிறது, வீட்டுக்குப் போய்க் கமலை வடக்கயிற்றை எடுத்துவாருங்கள் என்று ஆண்களை விரட்டினான். பெண்களைப் பார்த்து, மாப்பிள்ளைக்குக் குளிர் வந்துருச்சு, சுக்குத்தண்ணி போடுங்க, எல்லாரும் போங்க என்றான். மாமனாரைக்கூட விடவில்லை. கயிறு பிரியவே இல்லை, அது எனக்கும் தெரியும் அவனுக்கும் தெரியும். கிணற்றடி காலியானதும் ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடியே தோளில் கிடந்த துண்டை உருவிக் கீழே போட்டான். நான் கட்டிக்கொள்ளும்வரை மறுபக்கம் திரும்பி வரப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இழுத்தான்.

மேலே வந்து கல்லில் உட்கார்ந்தேன். அவன் உள்ளங்கை இரண்டும் கயிறு உரசித் தோல் கிளம்பியிருந்தது. ஏதாவது பேச வேண்டும். ஏழெட்டு மாதமாக நான் மனசுக்குள் எழுதி வைத்திருந்த வசனங்களில் ஒன்றுகூட இந்த நேரத்துக்குப் பொருந்தவில்லை.

"மச்சான், துண்டு நனைஞ்சுபோச்சு."

"நனையட்டும் மாப்ள," என்றான் அவன்.

சிறு கயிற்றை இருவருமாகப் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்தோம். புட்வால்வு வந்தது, அதோடு அதுவும் வந்தது. கூட்டம் திரும்புவதற்குள் மச்சான் அதைப் பிழிந்து தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். அன்று ராத்திரி நான் மாமனார் வீட்டு வாசற்படியை மிதித்துத்தான் உள்ளே போனேன். அத்தை பணியாரம் சுட்டிருந்தாள். நான் ஏன் மனம் மாறினேன் என்று யாருக்கும் விளங்கவில்லை. மச்சான் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை, தங்கையிடம்கூட. இத்தனை வருஷம் கழித்து நானேதான் சொல்கிறேன்.

லீவு முடிந்து போனதும் ஸ்பெஷல் என்று மேனேஜரிடம் சொன்னேன். ஏன் அட்வான்ஸ்டு வேண்டாம் என்று கேட்டார். குடும்பச் சூழ்நிலை என்றேன். என்னோடு முக்குளித்தவர்களில் ஒருவன் பம்பாய் போனான். பவளம், பாறை, மின்னுகிற மீன் என்று கடிதம் எழுதினான். நான் பார்த்த கடலில் தூண்களின் அடிப்பாகமும் துருவும் தவிர வேறொன்றும் கிடையாது. பொறாமைப்பட்டேன் என்பதை மறைப்பதற்கில்லை.

பயிற்சி தொடங்கிய முதல் நாள், கடையைப் பூட்டிவிட்டு மச்சான் தூத்துக்குடிக்கு வந்து இறங்கினான். கையில் அதே கிணற்றுக் கயிறு, இன்னொரு கையில் தங்கை கொடுத்தனுப்பிய அதிரச டப்பா. கயிறு பிடிக்க வந்திருக்கிறேன் என்று வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறான். வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டுவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் ஒரு கணம் வெட்கமாகத்தான் இருந்தது, பழைய வியாதி லேசில் விடுவதில்லை. வெளியாட்களைப் படகுத்துறையில் விடமாட்டார்கள், வேலை வருஷக்கணக்கில் நடக்கும், உங்கள் கடை என்னாவது என்று அவனுக்கு எடுத்துச் சொன்னேன். அவனும் அதை யோசித்துத்தான் வந்திருந்தான். பிடிக்கப்போகிற ஆளைக் காட்டுங்க மாப்ள, பார்த்துவிட்டுப் போகிறேன் என்றான்.

வாட்ச்மேனிடம் கெஞ்சி, துறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். கடற்கரைக்காரர், சங்கு குளிக்கிற குடும்பம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கழுத்தில் சிலுவை. மச்சான் அவரிடம் எங்கள் பக்கத்து வழக்கத்தை விளக்கத் தொடங்கினான். பாதியிலேயே அவர் கையமர்த்தினார். எங்கள் ஆட்களும் சங்கு குளிக்கப் போனால் மச்சான் கையில்தான் கயிற்றைக் கொடுப்போம், இதை எனக்கா சொல்கிறீர்கள் என்றார். மச்சான் தலையாட்டிவிட்டு, தான் கொண்டுவந்த கயிற்றைத் தன் இடுப்பிலேயே கட்டி மறுமுனையை அவர் கையில் கொடுத்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது. கடலையே அன்றைக்குத்தான் முதல்தடவையாகப் பார்க்கிறான். துறையின் இரும்பு ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கி, இடுப்பளவு தண்ணீர் வந்ததும் இரண்டு கையையும் விட்டுவிட்டான். எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. கயிறு ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

சொட்டச் சொட்ட மேலே வந்து அதிரச டப்பாவை அவரிடம் நீட்டினான். தங்கச்சி கொடுத்தனுப்புச்சு, இனிமே உங்களுக்கும் அது தங்கச்சி என்றான். அவர் ஒரு அதிரசத்தைத் தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"எனக்குக் கூடப்பொறந்த பொண்ணு கிடையாது. இது ஒன்னு இருக்கட்டும்."

அதற்குப் பிறகு நான் அந்த வேலையில் இருந்த காலமெல்லாம் என் கயிறு அவர் கையில்தான் இருந்தது. வேறு ஆளை நிறுத்தினால், தான் இல்லாமல் என்னை இறக்கக்கூடாது என்று மேஸ்திரியோடு மல்லுக்கு நிற்பார். காய்ச்சலோடு வந்து நின்றிருக்கிறார். கீழே நான் கொஞ்சம் அதிகமாக அசைந்தாலே ஒரு இழுப்பு வரும். அது என்னை விசாரிப்பது.

அந்த வருஷமே பெண் பிறந்தாள். அடுத்த வருஷம் நாட்டரசன்கோட்டைக் கோயிலில் அவளுக்குக் காதுகுத்து. தூத்துக்குடிக்காரருக்கும் தாய்மாமன் முறையில் வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லியிருந்தாள் என் மனைவி. அவர் புது வேட்டி கட்டி, பிள்ளைக்குக் கால்காப்பு, தங்கைக்குச் சேலை, கூடவே ஓலைப்பெட்டி நிறையக் கருவாடு என்று சீரோடு வந்து சேர்ந்தார். கோயிலுக்குள் கருவாட்டுப் பெட்டி. அத்தை அதை வாங்கிப் பதறாமல் முந்தானையால் மூடி மாட்டு வண்டிக்கு அனுப்பிவைத்தாள். நான் மச்சானைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். தாய்மாமன் மடி அவனுடைய உரிமை. அதற்குப் பங்கு வந்தால் எவனும் முறுக்கிக்கொள்வான், நானாக இருந்தால் கோயிலைவிட்டே போயிருப்பேன். அவன் மனைப்பலகையில் உட்கார்ந்திருந்தவன், ஆளைப் பார்த்ததும் பாதிப் பலகைக்கு நகர்ந்து இடம் விட்டான்.

என் மனைவி அதுவரை அவரைப் பார்த்ததில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"கையக் காட்டுங்கண்ணே," என்றாள்.

அவர் ஒன்றும் புரியாமல் இரண்டு உள்ளங்கையையும் நீட்டினார். விரல் மடிகிற இடமெல்லாம் காய்த்து, கயிறு ஓடி ஓடிப் பள்ளம் விழுந்து, மஞ்சளாக இருந்தன. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள். அந்தக் கைக்குள் இருந்தவன் நான், இத்தனை நாளில் ஒருதரம்கூட அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அவள் பிள்ளையை அந்தக் கையில் கொடுத்தாள். கெட்டியாப் பிடிச்சுக்கங்கண்ணே, துள்ளுவா என்றாள்.